சோப்பு காய்வதற்கு முன்னால்

அன்புள்ள மக்கா,

நீ அனுப்பிய படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கொச்சியில் உங்கள் வாடகை வீட்டு முற்றத்தில் புது வண்டி நிற்கிறது. நல்ல நீலம், கண் பட்டுவிடும்போல இருக்கிறது. என் மருமகள் ஆதிரா குழாயைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். நீ கால்சட்டையை முட்டுவரை சுருட்டிவிட்டு, ஏதோ யானையைக் குளிப்பாட்டுகிறவன் மாதிரி இடுப்பில் கை வைத்து நிற்கிறாய். எல்லாம் சரிதான். ஆனால் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில், படத்தின் ஓரத்தில், பச்சையாக ஒரு குப்பி தெரிகிறதே, அது என்ன? எனக்குச் சந்தேகம் வந்து உன் அப்பாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "பாத்திரம் கழுவுக சோப்பாக்கும் அது," என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உடனே உன்னைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்கலாம் என்று போனை எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். நான் போனில் பேசினால் என்ன ஆகும் என்பது நம் குடும்பத்துக்கும் ஆதிராவின் குடும்பத்துக்கும் தெரியும். முப்பது வருடம் பாறசாலைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். எழுத்தில் எனக்கு அவ்வளவாகத் தப்பு வராது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நீயும் உட்கார்ந்து படி.

முதலில் அந்தப் பச்சைக் குப்பியை எடுத்துச் சமையலறையில் வை. எண்ணெய்ப் பிசுக்கை அறுத்தெடுப்பதற்கென்றே செய்த சோப்பு அது. மீன்சட்டிக்கு அது வேண்டும்தான். வண்டிக்குப் பெயிண்டின் மேல் மெல்லிசாக ஒரு மெழுகுப் பூச்சு இருக்கிறது. வெயிலையும் மழையையும் வாங்கிக்கொள்வது அந்தப் பூச்சு. பாத்திரச் சோப்பு அழுக்கு எது, மெழுகு எது என்று பார்க்காது. எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு போய்விடும். இரண்டு கழுவலில் ஒன்றும் தெரியாது. இருபதாவது கழுவலில் வண்டி பத்து வயது கூடினாற்போல நிற்கும். துணி துவைக்கிற பொடி அதைவிட மோசம். காரம் அதிகம், கரையாத பொடி கையோடு சேர்ந்து உரசிக் கீறலும் போடும். உன் அப்பா சொல்லுகிற தேங்காயெண்ணெய்ச் சோப்பும் ஆகாது. நம் கிணற்றில் உப்புச்சுவை இருப்பதால் அந்தச் சோப்பு தண்ணீரோடு சேர்ந்து வெள்ளையாகப் படலம் கட்டுகிறது. உங்கள் கொச்சித் தண்ணீர் எப்படி என்று எனக்குத் தெரியாது, இருந்தாலும் வேண்டாம். காருக்கென்று விற்கிற ஷாம்பு வாங்கு. வாசனையையும் குப்பியில் போட்டிருக்கும் படத்தையும் பார்த்து வாங்காதே. காரமும் அமிலமும் இல்லாதது என்று எழுதியிருக்கிறதா என்று பார். அரை வாளித் தண்ணீருக்கு ஒரு மூடி போதும். நுரை நிறைய வந்தால்தான் அழுக்குப் போகும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நானும் அப்படி நினைத்தவள்தான்.

அந்தக் கதையை நீ கேட்க வேண்டும். கேட்டால் உனக்குக் கோபம் வரலாம், வரட்டும். நீ பத்தாம் வகுப்பில் இருந்தபோது நான் அந்தப் பழைய மெரூன் வண்டியை வாங்கினேன். நாற்பத்தைந்து வயதில் ஓட்டப் படித்து, முதன்முதலாக என் பெயரில் ஒரு வண்டி. வாங்கி முதல் ஞாயிற்றுக்கிழமை, நீயும் அப்பாவும் பொழியூருக்கு மீன் வாங்கப் போயிருந்த நேரம், அதைப் புதுசாக்கிக் காட்டுகிறேன் பார் என்று இறங்கினேன். துணிப்பொடியைக் கரைத்து, பானை தேய்க்கிற சகிரியை எடுத்து, அந்தத் தேங்காய் நாரால் சுற்றிச் சுற்றித் தேய்த்தேன். நுரையில் ஒன்றும் தெரியவில்லை. தண்ணீரை ஊற்றி வெயிலில் பார்த்தபோது பானட் முழுக்க வட்டம் வட்டமாகக் கீறல். எனக்கு அழுகை வந்தது. அப்பா வந்து கேட்டபோது என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? "ஒம் மகன் சைக்கிள கொண்டு சாச்சு வச்சிருப்பான்." சைக்கிள் வட்டம் வட்டமாகக் கீறுமா என்று அவரும் கேட்கவில்லை, நீயும் கேட்கவில்லை. நீ என்னை ஒருமுறை பார்த்தாய். என் கையில் சகிரி இருந்தது. அப்பாவிடம் திட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாய். உனக்கு அப்போதே தெரியும் என்று எனக்கும் தெரியும். இத்தனை வருடம் கழித்துச் சொல்கிறேன்: அது நான்தான் மக்கா. அந்த வண்டி கீறலோடு பத்து வருடம் ஓடியது. அதில் ஏறும்போதெல்லாம் எனக்கு உன் முகம் ஞாபகம் வரும்.

இனி அந்த நிச்சயதார்த்தக் கதை. அது உனக்குப் பாதிதான் தெரியும், ஏனென்றால் நீ அப்போது பூச்சந்தையில் நின்றாய். ஆதிராவின் வீட்டார் அதை நான்கு பேர் கூடுகிற இடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார்கள், நானும் சேர்ந்து சிரிக்கிறேன். ஆனால் அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவளைத்தான் கட்டுவேன் என்று நீ வந்து நின்றபோது எனக்கு இஷ்டமில்லை. பெண்ணில் ஒரு குறையும் இல்லை. நெய்யாற்றின்கரையில் நல்ல குடும்பம், படித்த பெண், நிறுத்தி அழகாகப் பேசுகிறவள். ஆனால் அவளுக்குத் தமிழில் ஒரு எழுத்து தெரியாது. இந்தக் கேரள எல்லையில் நின்றுகொண்டு, தமிழ்ப் பிரிவில் பிள்ளைகள் குறைகிறார்கள் என்று வீடுவீடாகப் போய்க் கூப்பிட்டவள் நான். என் வீட்டிலேயே தமிழ் எழுத்து என்னோடு நின்றுவிடுமே என்று வயிறு எரிந்தது. எரிந்ததை மனசுக்குள் வைக்கிற பழக்கமும் எனக்கு இல்லையே. முதல்முறை அவர்கள் வீட்டுக்குப் போனபோதே, "எனக்கு இதுல அவ்வளவு இஷ்டம் இல்ல, பையன் பிடிவாதமாக்கும்," என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னேன். அதற்குப் பிறகும் ஒரு வீம்பு. மலையாளம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு, நம் ஊரில் யாருக்குத்தான் தெரியாது? இருந்தாலும் ஆதிராவின் அம்மா போன் செய்தால் தமிழில் மட்டும்தான் பேசுவேன். அந்த அம்மாவுக்குப் பாதி புரியும், பாதி புரியாது. புரியட்டும் என்று நானும் நினைத்ததில்லை.

நிச்சயத்தன்று காலை என்ன நடந்தது? நீ எழுந்து, மெரூனுக்குப் பிறகு நாம் வாங்கிய அந்த வெள்ளை வண்டிக்கு ஷாம்பு போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாய். கரண்டு போய்விட்டது, மோட்டார் ஓடவில்லை. பூ வாங்க நேரமாயிற்று என்று, "அம்மா, நான் தேச்சாச்சு, கரண்டு வந்ததும் நீ வெள்ளம் அடிச்சு விடு," என்று பைக்கை எடுத்துக்கொண்டு போனாய். போனவன் போனைச் சார்ஜில் போட்டு, சத்தத்தையும் அணைத்துவிட்டுப் போனாய். நான் நைட்டியோடு, தோளில் துண்டோடு, நுரை காய்கிறதே என்று வண்டியைச் சுற்றி வந்துகொண்டிருந்தேன். அப்போது ஆதிராவின் அம்மா என்னைக் கூப்பிட்டார்கள்.

"சேச்சி, மோன் எவிடே? போன் எடுக்குன்னில்லல்லோ."

"அவன் தேச்சிட்டுப் போயாச்சு."

"எந்து?"

"தேச்சிட்டுப் போயாச்சுன்னேன். நல்லா அழுத்தித்தான் தேச்சிருக்கான். இனி எல்லாத்தையும் கழுவி விடவேண்டியது என் பாடாக்கும்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. சிக்னல் இல்லை என்று நினைத்தேன். அதே நேரம் கரண்டு வந்து மோட்டார் சத்தம் கேட்டது. "வெள்ளம் வந்தாச்சு, வைக்கேன்," என்று வைத்தேவிட்டேன்.

குழாயை மாட்டிக்கொண்டிருந்தேன், உன் அப்பா வேட்டியைக்கூடச் சரியாகக் கட்டாமல் ஓடி வந்தார். "எடி, அவங்க நம்மள வரவேண்டாங்குதாங்க! பெண்ணுக்க அப்பன் விளிச்சான். ரெண்டே வார்த்தை, நிங்ஙள் வரண்டா. வச்சிட்டான். நீ என்னத்த சொன்ன?" சோப்பு தேய்த்ததைச் சொன்னேன் என்றேன். எப்படிச் சொன்னாய் என்று கேட்டார். சொல்லிக் காட்டினேன். மனிதர் தலையில் கை வைத்து அப்படியே வாளிப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். "ஒனக்குத் தெரியாதா? இப்பம் மலையாளத்துல அவன் தேச்சிட்டுப் போயின்னா, ஆசை காட்டி ஏமாத்திட்டு ஓடிப் போயிட்டான்னாக்கும் அர்த்தம்." ஜங்ஷன் டீக்கடையில் இளவட்டங்களோடு உட்கார்ந்து அரட்டை அடிக்கிறார் என்று நான் எத்தனை முறை அவரைத் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு அந்த அரட்டைதான் எனக்கு அகராதி. நான் படித்த மலையாளத்தில் தேய்ப்பது என்றால் தலைக்கு எண்ணெய் தேய்ப்பது, துணிக்கு இஸ்திரிப் பெட்டி போடுவது, அவ்வளவுதான். இந்தப் புது அர்த்தம் எப்போது வந்து சேர்ந்தது என்று எனக்குத் தெரியவே தெரியாது. யோசித்துப் பார், அவர்கள் காதில் எப்படி விழுந்திருக்கும்? உங்கள் பெண்ணை என் மகன் ஏமாற்றிவிட்டுப் போய்விட்டான், நன்றாகத்தான் ஏமாற்றியிருக்கிறான், இனிக் கழுவித் துடைப்பது என் வேலை. வேறு யார் சொல்லியிருந்தாலும் சந்தேகப்பட்டுத் திருப்பிக் கேட்டிருப்பார்கள். இஷ்டமில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னவள் சொன்னால் நம்பாமல் என்ன செய்வார்கள்?

திரும்பத் திரும்பக் கூப்பிட்டோம். அவர்கள் எடுக்கவில்லை. உன் போன் மாடியில் கிடந்து மின்னிக்கொண்டிருந்தது, ஆதிரா பதினொரு முறை கூப்பிட்டிருந்தாள். அந்தப் பதினொன்றைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. என் வீம்பில் உன் வாழ்க்கை போய்விட்டதே என்று மாடியிலிருந்து ஓடி இறங்கினேன். சாவியை எடுத்தேன். உடுப்பு மாற்றத் தோன்றவில்லை, வண்டியைக் கழுவவும் தோன்றவில்லை. ஷாம்பு வாளியும் ஸ்பாஞ்சும் கையில் இருந்தபடியே உன் அப்பா பக்கத்து சீட்டில் ஏறினார். அதைக் கீழே வைத்துவிட்டு வரவேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை. உதியன்குளங்கரை தாண்டுவதற்குள் கண்ணாடியில் நுரை இறங்கி மறைத்தது. வைப்பரைப் போட்டால் இன்னும் நுரைத்தது. பஸ் ஸ்டாப்பில் நின்ற பெண்கள் என்னைப் பார்த்தார்கள், நான் அவர்களைப் பார்க்கவில்லை. அமரவிளைப் பாலத்தில் உன் அப்பா, "எடி, கொறச்சு மெதுவா போ, வாளி சிந்துது," என்றார். நான் சொன்ன பதிலை இங்கே எழுதக்கூடாது.

அங்கே பந்தல் போட்டு, நாற்காலி போட்டு, சாம்பார் வாசனை வருகிறது. ஒருத்தர் முகத்திலும் ஈயாடவில்லை. ஆதிராவின் அப்பா கையைக் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றார். நான் நைட்டியும் துண்டுமாக இறங்கினேன், மறுபக்கம் உன் அப்பா வாளியோடு இறங்கினார். வழியெல்லாம் தமிழில் யோசித்துக்கொண்டு போன ஒரு வார்த்தையும் வரவில்லை. அந்தக் குடும்பத்திடம் முதன்முதலாக என் வாயில் மலையாளம் வந்தது. "இதாணு தேச்சது!" என்று பானட்டில் ஓங்கித் தட்டினேன். "வண்டியாணு தேச்சது, பெண்ணினெ அல்ல!"

ஆதிராவின் அப்பா மெல்ல இறங்கி வந்தார். அவர் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர் அல்லவா, என்னைப் பார்க்கவில்லை, வண்டியைத்தான் பார்த்தார். காய்ந்து தேசப்படம் மாதிரி வெள்ளை வெள்ளையாகக் கிடந்த ஷாம்புவை விரலால் தொட்டார். "ஐயோ சேச்சி, இது உணங்கிப் போயல்லோ! பாடு விழும்!" காய்ந்துவிட்டது, கறை விழும் என்று அலறினார். பெண்ணின் கல்யாணம் போய்விட்டது என்று அதுவரை கல்லாக நின்ற மனிதர், வண்டியின் பெயிண்ட் போகிறதே என்று குழாயைக் கொண்டுவரச் சொல்லிப் பதறினார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. ஆதிராவின் அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு அழுகையும் சிரிப்புமாக நின்றார்கள். பிறகு என்ன, சம்பந்திகள் எல்லோரும் சேர்ந்து வண்டியைக் கழுவினோம். நீ மல்லிகைப்பூவோடு வந்து, வீடு திறந்து கிடக்கிறது, அம்மாவையும் அப்பாவையும் வண்டியையும் காணோம் என்று ஊரெல்லாம் தேடிக்கொண்டிருந்த நேரம் அதுதான்.

அதனால் நான் சொல்வதைக் கேள். வெயிலில் நிறுத்திக் கழுவாதே, நிழலில் நிறுத்து. வண்டியின் தகரம் சூடாக இருந்தால் ஆறவிடு. முதலில் வெறும் தண்ணீரை அடித்து மண்ணையும் தூசியையும் இறக்கிவிடு, அப்புறம்தான் ஷாம்பு. மேலிருந்து கீழே வா, சக்கரத்தைக் கடைசியில் தொடு. வாளி இரண்டு வேண்டும், ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில் துணியை அலச நல்ல தண்ணீர். அலசாத துணியில் ஒட்டியிருக்கும் ஒரு மணல் போதும், நான் சகிரியால் செய்ததை அது செய்துவிடும். முழு வண்டிக்கும் ஒரேயடியாகச் சோப்புப் போடாதே. ஒரு பக்கம் போடு, கழுவு, அடுத்த பக்கம் போ. மோட்டார் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்கு. இதை உனக்கு நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னும் ஒன்று, நான் சொல்லித்தராத ஒன்று. கல்யாணம் முடிந்து நீங்கள் இங்கே இருந்த இரண்டு மாதத்தில், பலாமரத்தடியில் நின்ற வண்டியின் மேல் பலாச்சக்கைப் பால் ஒழுகிக் கட்டியாகப் பிடித்துவிட்டது. நான் நகத்தால் சுரண்டப் போனேன். ஆதிரா என் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே போய்த் தேங்காயெண்ணெய் எடுத்து வந்து அதன்மேல் தடவி, கொஞ்சநேரம் ஊறவிட்டு, துணியால் மெதுவாக ஒற்றி எடுத்தாள். பிறகு அந்த இடத்தில் மட்டும் ஷாம்பு போட்டுக் கழுவினாள். சக்கை வெட்டினால் கையில் எண்ணெய் தடவுகிறோம், வண்டிக்கும் அதுதானே என்றாள். பொழியூர்க் கடற்கரைக்கு நாம் எல்லோரும் போய்வந்த அன்று, நீ களைப்பில் படுத்துவிட்டாய். உப்புக்காற்று பட்ட வண்டியை அப்படியே விடக்கூடாது என்று அவளும் நானும்தான் அடிப்பக்கம்வரை தண்ணீர் அடித்தோம். அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். என்மேல் வேண்டுமென்றே தண்ணீரைத் தெளித்துவிட்டு, தெரியாத மாதிரி நின்றாள். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. நானும் திருப்பித் தெளித்தேன். அப்பா ஜன்னலில் நின்று, ரெண்டு பேருக்கும் ஜலதோஷம் பிடிக்கும் என்று கத்தினார்.

மக்கா, இனி எழுதப்போவது எனக்கும் ஆதிராவுக்கும் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. நிச்சயத்தன்று அந்த முற்றத்தில் ஆதிரா உள்ளேயிருந்து வந்தாள். பாலராமபுரத்துச் சேலை, பாதி வைத்த பூ, அழுது அழிந்த கண்மை. என் நைட்டியையும் உன் அப்பாவின் வாளியையும் பார்த்துப் படியில் உட்கார்ந்து சிரித்தாள். பிறகு அவள் அப்பாவின் கையிலிருந்து குழாயை வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். எல்லோரும் பேசிக்கொண்டிருந்த அந்தச் சத்தத்தில், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டாள்: "அம்மைக்கு என்னெ இஷ்டமாணோ?"

எனக்குத் தெளிவாகக் கேட்டது. பதில் சொல்ல நேரமும் இருந்தது. ஆனால் நான், "மொதல்ல வெள்ளத்த அடி பிள்ளே, சோப்பு காயுது," என்று உரக்கச் சொன்னேன். மற்றவர்களுக்கு இது மட்டும் கேட்டது, எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் குழாயைத் திருப்பும் முன் கொஞ்சநேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகு அவள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. இரண்டு மாதம் ஒரே வீட்டில் இருந்தோம், சேர்ந்து சமைத்தோம், நானும் சொல்லவில்லை. முப்பது வருடம் வாய் ஓயாமல் பேசிப் பிழைத்தவளுக்கு இந்த ஒன்றைச் சொல்ல வாய் வரவில்லை. நீங்கள் கொச்சிக்குக் கிளம்பிய அன்று அவள் என்னைக் கட்டிப்பிடித்தபோதும், வண்டிக்குள் குடை வைத்தாயா என்றுதான் கேட்டேன்.

அவளுக்கு இந்த எழுத்து தெரியாது. அதனால் கடைசியில் வருகிற வரியை நீ அவள் பக்கத்தில் உட்கார்ந்து, உரக்க, நான் எழுதியிருக்கிற மாதிரியே வாசி. மலையாளத்தில் மாற்றிச் சொல்ல வேண்டாம். நான் நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டேன், இந்த வார்த்தைக்கு அங்கேயும் இங்கேயும் ஒரே அர்த்தம்தான்.

ஆதிரா, மக்களே, எனக்கு ஒன்ன இஷ்டமாக்கும்.

அம்மா